பதினேழாம் பக்கத்து வீட்டுவேலை

கற்பித்தல் பயிற்சி முடியும்வரை மீன் வெட்டுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். மீன் மட்டுமல்ல. கோப்பை கழுவுவதில்லை. முற்றம் கூட்டுவதில்லை. உடுப்புத் தோய்ப்பதில்லை. இது சோம்பல் இல்லை. கல்வி.

பேசாலையில் எங்கள் பரம்பரைக்கே முதல் பட்டதாரி நான். பட்டம் கிடைத்த அன்று அப்பா டொமினிக் ஒரு கட்டு வெடி கொளுத்தினார். ஆசிரியர் நியமனம் கிடைத்த அன்று இன்னொரு கட்டு. அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. பட்டம் இருந்தால் வகுப்புக்குள் போகலாம். தகைமை பெற்ற ஆசிரியர் என்று சொல்ல, அதற்கு மேலே ஒரு கல்வி டிப்ளோமா வேண்டும். சனி, ஞாயிறு விரிவுரை. எழுதிக் கொடுக்க ஆறு ஒப்படை. செய்து பார்த்து எழுத ஒரு செயல்நிலை ஆய்வு. எல்லாவற்றுக்கும் நடுவில் பத்து வாரம் கற்பித்தல் பயிற்சி. மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, பின்வாங்கில் இருந்து, நான் படிப்பிப்பதைப் பார்ப்பார். அவர் ‘சித்தி’, அதாவது பாஸ், என்று எழுதாவிட்டால் மிச்சம் எல்லாம் வீண்.

அப்பா மூன்றாவது கட்டு வெடியையும் வாங்கி எங்கள் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனார். அது தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

என் மனைவி சுவேதினி முன்பள்ளி ஆசிரியை. பல்கலைக்கழகம் போகவில்லை. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பள்ளி டிப்ளோமா படித்தாள், அவ்வளவுதான். நாலு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை ஒரு புருவத்தை உயர்த்தி இருத்திவிடுவாள். இருபத்திமூன்றாவது பிள்ளை நான்.

மன்னார் பட்டினத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு அப்பா அனுப்பும் மீன் பின்னேரம் நாலு மணிக்கு வந்துவிடும். சுவேதினி உயிலங்குளத்து வயல்பக்கத்துப் பிள்ளை. மீன் வெட்டத் தெரியாது என்று கல்யாணத்துக்கு அடுத்த நாளே சொல்லிவிட்டாள். ஆகவே கத்தி என் கையில்.

எனக்கு விடுதலை தந்தது டிப்ளோமாக் கைநூல். நூற்றிருபது பக்கம். பயத்தில் ஆறு தடவை வாசித்திருந்தேன். பதினேழாம் பக்கத்தில், ‘பாட முடிவு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி: பயிற்சிக் காலத்தில் அதிக வீட்டுவேலை தவிர்க்கப்பட வேண்டும். மாணவர்களுக்கு வீட்டில் செய்யக் கொடுத்துவிடும் பயிற்சிகளைத்தான் கைநூல் சொல்கிறது. அதற்கும் எங்களிடம் பெயர் வீட்டுவேலைதான். கோப்பை கழுவுவதற்கும் பெயர் வீட்டுவேலைதான். தமிழ் தானாகச் செய்த உதவி. நான் கேட்கவில்லை.

நான் பொய் சொல்லாதவன். ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு வரியை மட்டும் காட்டினேன்.

“சுவேதினி, இதை ஒருக்கா வாசியும்.”

“பயிற்சிக் காலத்தில் அதிக வீட்டுவேலை... தவிர்க்கப்பட வேண்டும். என்னப்பா இது?”

“பல்கலைக்கழகம்.”

“பல்கலைக்கழகத்துக்கு எங்கட குசினியில என்ன அலுவல்?”

“அச்சடிச்சிருக்கு. வேற எனக்கு என்ன தெரியும்?”

“மீன் வெட்டுறதும் இதுக்குள்ள வருமோ?”

“மீன் வெட்டுறது வீட்டுவேலையோ, இல்லையோ?”

“வீட்டுவேலைதான்.”

“பார்த்தீரே, நீரே சொல்லிப்போட்டீர்.”

அவள் வரியைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பார்த்தாள்.

“பெருவிரலில காயமோ? எடுக்கிறீங்களே இல்லை.”

“விட்டால் புத்தகம் மூடிக்கொள்ளும்.”

“ஓமோம். கனத்த புத்தகம்தானே” என்றாள். கத்தியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பத்து நிமிடம். ஆறு விளைமீன். செதில் ஒன்றுகூட இல்லை. மீன் வெட்டத் தெரியாதவள்!

அந்த இடத்திலேயே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. வாழ்க்கையில் நான் பயப்படாத ஒரே சந்தர்ப்பம் அது.

மூன்று வாரம் ராசா மாதிரி இருந்தேன். பின்னேரம் கதிரையில் சாய்ந்து, மடியில் கைநூலை விரித்து வைப்பேன். தேத்தண்ணி தேடி வரும். பக்கத்து வீட்டுப் பெனடிக்ற் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“என்ன மச்சான், விளக்குமாறும் கையுமாத்தானே நிப்பாய்?”

விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கும் அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி அடிச்சுத் தா.”

“நீ கடலுக்குப் போறவன். உனக்கு ஆர் பயிற்சி தாறது?”

“அதை என்ர மனிசி கேக்கமாட்டா. பல்கலைக்கழகம் எண்டு எங்கயாவது போட்டிருந்தால் போதும்.”

நாலாவது வாரம், பயிற்சி முடியப்போகும் நேரம், கடிதம் வந்தது. இறுதி மதிப்பீடு வெள்ளிக்கிழமை. மதிப்பீட்டாளர் திருமதி இந்திராதேவி. தரம் ஆறு, குடியியல். பாடத் தலைப்பைப் பார்த்ததும் கைநூலை மூடி வைத்தேன். கற்பித்தல் சாதனம் கட்டாயம் என்றும் போட்டிருந்தது. நான் மாடு கீறினால் பிள்ளைகள் மேசை என்பார்கள். சுவேதினியிடம் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

“ஒரு சாட் கீறித் தருவீரோ?”

“என்ன பாடம்?”

“குடியியல்.”

“குடியியலில என்ன?”

“குடும்பம்.”

“குடும்பத்தில என்ன?”

“கடமை.”

“கடமையில என்ன?”

“...பகிர்தல்.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஆர் பார்க்க வருகினம்?”

“இந்திராதேவி மேடமாம். சரியான கண்டிப்பாம்.”

“அப்பிடியோ” என்றாள். பிறிஸ்ரல் மட்டையும் கத்தரிக்கோலும் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சாட் மட்டையைச் சுருட்டி, நாடா கட்டித் தந்தாள். “வகுப்பிலதான் அவிழ்க்கவேணும். முதலே அவிழ்த்தால் மட்டை மடிஞ்சுபோம்.” நான் சொல்பேச்சுக் கேட்பவன். மன்னார்ப் பாலத்துக் காற்றில் அந்தச் சுருளைப் பச்சைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு நானாட்டானில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனேன்.

இந்திராதேவி மேடம் பின்வாங்கில் இருந்தார். பேனையைத் திறந்தார். நான் நாடாவை அவிழ்த்தேன்.

‘எங்கள் வீடு’ என்று தலைப்பு. ஒரு பக்கம் அம்மாவின் படம். அதன் கீழே பதினாலு சிறிய மட்டைத் துண்டுகள்: சமைத்தல், மீன் வெட்டுதல், கூட்டுதல், தோய்த்தல். மற்றப் பக்கம் அப்பாவின் படம். அதன் கீழே ஒரே ஒரு துண்டு: ‘கைநூல் வாசித்தல்.’

அலுமாரிக்கு மேல் இருந்த வெடி என் காதுக்குள் வெடித்தது.

“சேர்,” என்று யதுர்சிகா எழும்பினாள். முன்வாங்குப் பிள்ளை. “அந்த அப்பாவுக்கு வருத்தமோ?”

“இல்லை பிள்ளை. சுகமா இருக்கிறார்.”

“அப்ப ஏன் ஒண்டும் செய்யிறாரில்லை?”

பாடக்குறிப்பில் இதற்கு விடை இல்லை. பின்வாங்கில் பேனை காத்திருந்தது. நான் உண்மையைச் சொன்னேன்.

“அவர் தப்பிக்கொண்டு திரியிறார்.”

வகுப்பு கொதித்தது. “சேர், மீனை அவருக்குக் குடுங்கோ!” “முற்றத்தையும் குடுங்கோ!” அப்போதுதான் கவனித்தேன். துண்டுகள் ஒட்டப்படவில்லை, குண்டூசியில் நின்றன. கழற்றி மாற்றலாம். சுவேதினி அப்படித்தான் செய்து தந்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, காரணம் சொல்லி, துண்டை மாற்றிக் குத்தினார்கள். எப்போதும் வாய் திறக்காத றொஷான்கூட வந்து தோய்த்தலைத் தூக்கி அப்பாவுக்குக் கொடுத்தான். மணி அடித்தபோது அம்மாவிடம் இரண்டு வேலை மிஞ்சியிருந்தது. ஒன்று ஓய்வெடுத்தல், யாரோ பிள்ளை பென்சிலால் எழுதிச் சேர்த்தது.

பாடம் முடிந்ததும் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“நல்ல பாடம். எல்லாப் பிள்ளையளும் பங்குபற்றினவை. சித்தி.” கையொப்பம் வைத்தார். எனக்குக் கண் கலங்கியது. “சாதனம் ஆர் செய்தது?”

“என்ர மனைவி, மேடம்.”

“தெரியும். சுவேதினியின்ர எழுத்து எனக்குத் தெரியாதோ? முன்பள்ளி டிப்ளோமாவில என்ர மாணவி. போன மாசம் போனில கோல் எடுத்தவ. பதினேழாம் பக்கத்தில ஒரு சந்தேகமாம்.”

“என்ன... சந்தேகம், மேடம்?”

“வீட்டுவேலை எண்டால் என்னெண்டு.”

நான் தரையைப் பார்த்தேன். தரை நன்றாகக் கூட்டப்பட்டிருந்தது.

“செயல்நிலை ஆய்வுக்குத் தலைப்பு எடுத்தாச்சோ?”

“இன்னும் இல்லை, மேடம்.”

“இப்ப எடுத்தாச்சு. ஆசிரிய பயிலுநரின் வீட்டில் கடமைப் பகிர்வு. எட்டு வாரம். கிழமைக்கு ஒருக்கா வீட்டில இருக்கிறவை பதிவேட்டில கையொப்பம் வைக்கவேணும். ஆய்வு முடியாமல் சான்றிதழ் வராது.”

வீட்டுக்கு வந்தேன். என் கதிரையில் சுவேதினி இருந்தாள். மடியில் புதுப் பதிவேடு. கையில் சிவப்புப் பேனை. கிணற்றடியில் ஒரு சட்டி நிறைய விளைமீன்.

“பாசோ?”

“பாஸ்.”

“அப்ப வெடி?”

“எட்டு வாரம் பொறுக்கட்டாம்.”

“பாவம் மாமா” என்றாள். கத்தியைக் காட்டினாள்.

ஒரு மணித்தியாலம் வெட்டினேன். கழுவி, உப்புத் தடவி, சட்டியை அவள் முன் வைத்தேன். ஒரு மீனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பதிவேட்டில் ஏதோ எழுதி, என் முகத்துக்கு நேரே விரித்தாள். அழகான கையொப்பம். என் நெஞ்சு குளிர்ந்தது. அதற்கு மேல் இருந்த வரியில் அவளுடைய பெருவிரல்.

“விரலை எடும்.”

“விட்டால் புத்தகம் மூடிக்கொள்ளுமப்பா.”

மெதுவாக நானே எடுத்துப் பார்த்தேன்: ‘செதில் போகவில்லை. முதலாம் வாரம் சித்தியில்லை. மீளச் செய்க.’