சாவோ பாலோவில் நான் பிடித்த மூன்று சீட்டு

பஸ்ஸில் இடம் பிடிக்கத் தெரியாத பெண்ணை எங்கள் ஈரோட்டுப் பக்கம் யாரும் மருமகளாக எடுக்க மாட்டார்கள். (நெசமாத்தானுங்க!) நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படும் எனக்கு அந்த ஒரு வித்தை மட்டும் நன்றாக வரும். அதைத் தென் அமெரிக்கா வரை கொண்டுபோய்க் காட்டினேன்.

மருமகள் கவிதாவுக்கு பிரேசிலில், சாவோ பாலோ நகரத்தில் ஒரு வாரம் ஆபீஸ் வேலை. அமெரிக்காவில், பார்சிப்பனி வீட்டில் என்னைத் தனியாக விட மனமில்லாமல், மகன் செந்தில் லீவு போட்டு என்னையும் கூட்டிப்போனான். திரும்புகிற அன்று காலையில் லிபர்தாஜி என்ற பகுதியைச் சுற்றினோம். பிரேசிலுக்குள் ஒரு ஜப்பான். அங்கிருந்தே மெட்ரோ ஏறி, ரயில் மாறி, ஏர்போர்ட் போய் நியூவர்க் விமானத்தைப் பிடிக்க வேண்டும். பெட்டிகள் அவர்கள் இருவர் கையில். மூன்று பாஸ்போர்ட்டும் என் கைப்பையில். (“அம்மா உசுர விட்டாலும் பைய விடாது” என்று மகனுக்கு அவ்வளவு நம்பிக்கை.)

ரயில் வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் கால் நிற்கவில்லை.

“அத்தை, இருங்க!”

யார் இருந்தார்கள்? முழங்கைகளுக்கு அடியில் குனிந்து புகுந்து, ஒரு சீட்டில் நான், பக்கத்தில் பை, எதிரில் சால்வை. திரும்பினால் கதவு மூடியிருந்தது. வெளியே செந்தில் கண்ணாடியைத் தட்டினான். நான் பெருமையாக மூன்று விரலைக் காட்டினேன். ரயில் கிளம்பிவிட்டது.

அப்போதும் புத்தி வரவில்லை. சால்வைக்குப் பக்கத்தில் வந்த மனிதரிடம், “ஆள் வருதுங்க” என்றேன்.

பிறகுதான் உறைத்தது. பாஸ்போர்ட் என்னிடம், பிள்ளைகள் அங்கே. பை இல்லாமல் அவர்களும் விமானம் ஏற முடியாது. என்னிடம் போன் கிடையாது. கண்ணில் நீர் கொட்டியது.

சிவப்புச் சட்டை போட்ட ஒரு அம்மா, கீரைப் பையோடு அருகில் வந்து ஏதோ கேட்டார்.

“மகனத் தொலச்சுட்டேனுங்க” என்றேன்.

என்ன புரிந்ததோ, அடுத்த ஸ்டேஷனில் என் பையையும் சால்வையையும் எடுத்து என் கையில் திணித்து, என்னை இறக்கி, அதே பிளாட்பாரத்தில் கூடவே நின்றார். அந்த ஜனக்கடலில் என் கையை விடவே இல்லை.

அடுத்த ரயில் வந்து நின்றது. உள்ளே செந்தில்! ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய் செந்திலு! எறங்குடா!”

என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. ஸ்டேஷனே திரும்பியது. அந்த அம்மாவும் சேர்ந்து “செந்திலூ!” என்று அலறினார். பெட்டிகளோடு இருவரும் குதித்தார்கள்.

“மூணு சீட்ட விட்டுட்டு அத்தை எந்திரிக்கவே மாட்டாங்க, கடைசி ஸ்டேஷன்ல போய்ப் புடிச்சுக்கலாம்னு இருந்தோம்” என்றாள் கவிதா.

அந்த அம்மா சிரித்து, என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, அதே ரயிலில் ஏறிவிட்டார். வெட்கத்தில் நின்ற எனக்குக் கையெடுத்துக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

விமானம் கிடைத்தது. அமெரிக்கா திரும்பியதும் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அவருக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

“பேர் சொல்லுங்கோ” என்றார் குருக்கள்.

“தெரியாதுங்க சாமி.”

“நட்சத்திரம்?”

“செவப்புச் சட்டை போட்டிருந்தாங்க.”

கவிதா தூணுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தாள். வீட்டில் இன்றைக்கும் யாராவது எதையாவது மறந்தால், “செவப்புச் சட்டை போட்டிருந்தாங்க” என்பதுதான் பதில்.

குருக்கள் இப்போதெல்லாம் என்னை எதுவும் கேட்பதில்லை. “சாவோ பாலோ மாமிக்குத்தானே?” என்று தட்டை வாங்கிக்கொள்கிறார்.