ஓட்டை இல்லாத தெர்மோஸ்டாட்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விசயத்தைப் பற்றி யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்தால் போதும், அந்த விசயத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொள்வேன். மூன்றாவது வீடியோவையும் பார்த்திருந்தால் என் மச்சான் ரமேஷின் கல்யாணம் மரியாதையாக நடந்திருக்கும்.

ரமேஷ் என் மனைவி சாந்தியின் தம்பி. பெண் வீடு வெருகலில், தாலிகட்டும் அங்கேதான். மாப்பிள்ளையைத் திருகோணமலையிலிருந்து கூட்டிப்போக மாமி ஒரு ஏசி கார் பேசி வைத்திருந்தார். நான் விடவில்லை. "மருமகன் நான் இருக்க, வாடகைக் காரோ? என்ர வான் இருக்கு!" என்று அந்தக் காரை நிற்பாட்ட வைத்தேன். (வானுக்கு என்னைவிட நாலு வயதுதான் குறைவு.)

அந்த வானில் தெர்மோஸ்டாட் கிடையாது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைத்து, பிறகு திறந்து ரேடியேட்டருக்கு விடுகிற சின்னக் கதவு அது. "எங்கட வெயிலுக்கு இது என்னத்துக்கு?" என்று மெக்கானிக் எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார். வானும் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் யூடியூபில் ஒருவர், அது இல்லாத எஞ்சின் கெதியில் தேய்ந்துபோகும் என்று அடித்துச் சொன்னார். எனக்கு நித்திரை போய்விட்டது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன்.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "பழசக் கொண்டாந்தீங்களா தம்பி? அதில நம்பர் இருக்கும்."

"பழசு இல்லை நானா."

"அப்ப வானையாவது கொண்டாந்தீங்களா?"

"அது வீட்டில நிக்குது."

வானின் மொடலைச் சொன்னதும் ஒன்றை எடுத்துத் தந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை!

"நானா, இது ஓட்டைச் சாமான்."

"அந்த ஓட்டை வேணும் தம்பி. உள்ளுக்க நிக்கிற காத்துப் போறதுக்கு."

எனக்கே பூச்சுத்துகிறார் என்று நினைத்தேன். "தண்ணியை மறிக்கிற சாமானில ஆரும் ஓட்டை போடுவாங்களோ? ஓட்டை இல்லாததாத் தாங்க."

"அது வேற வானுக்கு உள்ளது. அளவு சரிவரும், ஆனா..."

"அளவு சரியெண்டாக் காணும்!"

நானா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்கட விருப்பம்."

நானே அதை எஞ்சினில் பூட்டினேன். சந்திக் கடைவரை வானை ஓட்டிப்போய்ப் பாண் வாங்கி வந்து, சோதனை ஓட்டம் வெற்றி என்று சாந்திக்கு அறிவித்தேன்.

கல்யாணக் காலை. பட்டுவேட்டியும் தலைப்பாவுமாக ரமேஷ் முன்சீட்டில், மாமியும் சாந்தியும் மாப்பிள்ளைத் தோழனும் பின்னால். கிண்ணியாப் பாலத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அசைந்தது.

"அத்தான், முள்ளு மேல போகுது," என்றான் ரமேஷ்.

"புதுச் சாமான், அப்பிடித்தான்."

மூதூரில் முன்பக்கமெல்லாம் புகை. இறங்கி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினோம். முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. மாமி வாயே திறக்கவில்லை. மாமி கதைக்காமல் இருப்பது எஞ்சின் கொதிப்பதைவிட ஆபத்து. முகூர்த்தம் தவறினால் இனி அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணியும் கிடையாது.

அப்போதுதான் இரண்டாவது வீடியோ நினைவுக்கு வந்தது. எஞ்சின் கொதித்தால் ஹீட்டரைப் போடு, சூடு உள்ளே வந்துவிடும், எஞ்சின் தப்பும். வான் வாங்கிய நாள்முதல் யாரும் தொடாத பிடியை இழுத்தேன். முதலில் தூசி வந்தது. பிறகு ஐயோ, அடுப்பு! வெளியே வெருகல் வெயில், உள்ளே ஹீட்டர். கண்ணாடியைத் திறந்தால் தலைப்பா பறக்கும் என்று தோழன் இழுத்து மூடிவிட்டான்.

"அத்தான், என்னைப் பொம்பிளை வீட்டில இறக்கப்போறீங்களோ, அவிச்சுக் குடுக்கப்போறீங்களோ?" என்று ரமேஷ் அழாக்குறையாகக் கேட்டான்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். மேளம் முழங்கியது. சந்தனப்பொட்டு மூக்குவரை வழிய, ரமேஷ் தள்ளாடி இறங்கினான். வழக்கப்படி பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவச் செம்பும் தண்ணீருமாக வந்து குனிந்தார். ரமேஷ் அந்தச் செம்பை வெடுக்கென்று பறித்தான். பாதியைக் குடித்தான். தலைப்பாவைக் கழற்றித் தோழனிடம் கொடுத்துவிட்டு, மீதியை உச்சியில் கவிழ்த்தான்.

மேளம் நின்றது.

"மாப்பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ, காய்ச்சலோ?" என்று பெண்ணின் தாய் கேட்டார். சனம் குசுகுசுத்தது. கல்யாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பெண்தான். பட்டுச்சேலையின் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, அடக்க ஏலாமல் சிரித்தாள். அதைப் பார்த்து ரமேஷும் சிரித்தான். யாரோ ஓடிப்போய் இரண்டாவது செம்பில் தண்ணீர் கொண்டுவர, மேளம் திரும்பத் தொடங்கியது. நான் வானுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன், சந்தோசத்தில்தான்.

அடுத்த கிழமை நானா, உள்ளே சிக்கிய காற்றுப் போக, அதே தெர்மோஸ்டாட்டில் ஒரு ஓட்டை போட்டுத் தந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் கூடக் குத்தியது.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வாசலில் இரண்டு செம்பு வைப்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்டால், ஒன்று கால் கழுவ, மற்றது எங்கட மருமகன்ர வானில வாறவைக்கு என்று மாமியே சொல்லுவார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வேண்டுமென்றே பஸ்ஸில் போனேன். வாசலில் நின்ற ரமேஷின் மனைவி இரண்டாவது செம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடியுங்கோ அத்தான். பஸ்ஸையும் நீங்கள் திருத்தியிருப்பியள்."