நீர்முள்ளிக் கஷாயமும் மைசூர் போண்டாவும்

போண்டாவை விடுவதில்லை என்று டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போதே தீர்மானித்துவிட்டேன்.

கல்லீரலில் கொழுப்பாம். எண்ணெய்ப் பலகாரத்தை விட வேண்டுமாம், தினமும் நடக்க வேண்டுமாம். கனடாவில் இத்தனை வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து மைசூர் போண்டாவை நினைத்தே குளிரைக் கடத்தியவனிடம் சொல்கிற பேச்சா இது? ஊர் திரும்பியதற்கு உறவினரிடம் நான் சொன்ன காரணங்கள் பல. உண்மையான காரணம் தேங்காய்ச் சட்னியோடு வரும்.

கனடாவில் கல்லீரலுக்கென்று ஒரு முட்செடியின் விதையை மாத்திரையாக்கி விற்பார்கள். நம் மண்ணில் நீர்முள்ளி இல்லையா? காமாலைக்கும் கால் வீக்கத்துக்கும் நாட்டு வைத்தியர்கள் கஷாயம் போட்ட செடிதானே? காலையில் முள், மாலையில் போண்டா. இரண்டும் உள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

மனைவி சுபத்ரா மொட்டை மாடியில் மல்லிகைத் தொட்டிக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சம்பத்தின் பூனை தினமும் தோண்டிவிடுகிறது. மாடி ஏறுகிற வழக்கம் எனக்கு இல்லை. கீழேயிருந்தே கத்தி அறிவித்தேன். சண்டைக்குத் தயாராக நின்றவனிடம் அவள் உடனே சம்மதித்தாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நல்லதுதாங்க. ஆனா நாட்டு மருந்துன்னா பத்தியம் உண்டே."

"என்ன பத்தியம்?"

"எண்ணெய் கூடாது. கடைப் பலகாரம் கூடவே கூடாது."

"அதுக்கு டாக்டரே தேவலையே."

"முள்ளைத்தான் நம்புவேன்னு இப்பதானே கத்துனீங்க? எதிர்வீட்டு ரத்தினபாய் அக்காவுக்கே கேட்டிருக்கும்."

மானம் என்று ஒன்று இருக்கிறதே, ஒப்புக்கொண்டேன். செடி அன்றன்று பறித்ததாக இருக்க வேண்டுமாம். நடந்தே போய்ப் பறிக்க வேண்டுமாம், ஸ்கூட்டரில் வந்தால் வீரியம் போய்விடுமாம். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் ஏரிக்கரைக்குத் துணிப்பையோடு தினம் நடந்தேன். விரலெல்லாம் முள். போண்டாக் கடையோ எதிர்த் திசையில். திரும்பி வந்ததும் சுபத்ரா ஒரு டம்ளர் கசப்பை நீட்டுவாள். போண்டாவை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி விழுங்குவேன்.

மறுபரிசோதனையில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டர் கை குலுக்கினார். கொடி பிடிப்பதுபோல ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷத்தில் மாடிக்கே ஏறிவிட்டேன்.

"பார்த்தியா, முள் ஜெயிச்சுது. இனிமே கஷாயத்தைக் குடிச்சுக்கிட்டே போண்டா சாப்பிடப் போறேன்."

"கஷாயமா? டாக்டரைக் கேக்காம கண்டதையும் குடுப்பேனா? நீங்க குடிச்சது வெந்தயத் தண்ணிங்க. நடையும் வாய்க்கட்டும்தான் குறைச்சிருக்கு."

"அப்போ நான் பறிச்சுட்டு வந்த முள்ளெல்லாம்?"

சுபத்ரா கை காட்டினாள். மல்லிகைத் தொட்டிகளைச் சுற்றி என் உழைப்பு முள்வேலியாக நின்றது. உள்ளே பூ குலுங்கியது. சம்பத்தின் பூனை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, எட்டாத மண்ணை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மனசு எனக்குப் புரிந்தது.

"நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாப் பறிச்சுட்டு வாங்க," என்றாள் சுபத்ரா. "ரோஜாத் தொட்டி பாக்கி இருக்கு."