கோட்டைக்கு எதிரே ஒரு பூனை வீடு

பொன்னேரிக்கு அடுத்த கிராமத்தில் நெல்லும் எள்ளும் குறைவில்லாமல் விளைந்து, போர் மேல் போராகக் குவிந்திருக்க வாழ்ந்துவரும் மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி சகாதேவன் அவர்கள் சமூகத்துக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரை தோணிரேவு கிராமத்திலிருந்து துளசிங்கம் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் பாரியாள் ஜெயம்மா, உங்கள் மருமகள் தேவகி, உங்கள் பேரன், நீங்கள் தேவகியோடு அனுப்பிவைத்த பூனை எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாள் ரங்கம்மாளும் மாப்பிள்ளையும் மாடு கன்றுகளும் அவ்வண்ணமே இருக்கவேண்டும் என்று அனுதினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பேரன் பிறந்த சந்தோஷத்துக்கு நீங்கள் அனுப்பிய தொட்டில் இன்று காலை வந்து சேர்ந்தது. நல்ல வேலைப்பாடு, கண்ணை எடுக்க முடியவில்லை. தொட்டிலைச் சுமந்துவந்த உங்கள் பண்ணையாள் சடையன், அதை இறக்கி வைத்த கையோடு நீங்கள் சொல்லியனுப்பிய வாய்ச்செய்தியையும் இறக்கி வைத்தான். நான் ஹாலந்து தேசத்து உலாந்தாக்காரர் கோட்டைக்கு எதிரே பீரங்கி மேடு கட்டினேனாம், என்னைச் சங்கிலி போட்டு இழுத்துப்போனார்களாம், இப்பேர்ப்பட்ட துரோகியின் வீட்டில் உங்கள் வம்சம் ஒரு நாளும் இருக்கக்கூடாதாம், ஆகையால் வண்டி கட்டிக்கொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போகப் போகிறீர்களாம். சம்பந்தி, வண்டியை அவிழ்த்துவிடுங்கள். மாடுகள் புல் தின்னட்டும். என்னைச் சங்கிலி போட்டு யாரும் இழுக்கவில்லை, தோளைப் பிடித்துத்தான் அழைத்துப்போனார்கள். நான் கட்டியதும் பீரங்கி மேடு இல்லை, பூனைக்கு வீடு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது மடியில் மிளகியையும் வைத்துக்கொண்டு வந்தாள் அல்லவா. உங்கள் நெற்குதிரில் எலி பிடித்துப் பேரெடுத்த பூனை, எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் மருத்துவச்சி வேலம்மா வந்து பார்த்தாள், மிளகி தேவகியின் காலடியில் சுருண்டு படுத்திருந்ததையும் பார்த்தாள். பச்சைப்பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் பூனை இருந்தால் இந்த வாசற்படியை நான் மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இந்த ஏரிக்கரை முழுவதும் அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. சரி, பூனையை வெளியே விடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் உங்கள் மருமகள் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"மிளகி வெளிய போனா நானும் அது கூடவே வெளிய போறேன் நைனா. அதுவும் மாசமாத்தான் கீது."

உண்மைதான், பூனையும் கர்ப்பிணி. இரண்டு கர்ப்பிணிகளுக்கும் ஒரு மருத்துவச்சிக்கும் நடுவில் நான் ஒரு ஆண்பிள்ளை என்ன செய்வேன். வெளியே விட்டால் நாய் இழுத்துப்போகும். நாய் விட்டாலும் கருவாடு காயவைக்கும் பெண்கள் விடமாட்டார்கள், இந்த ஊரில் பூனை என்றால் அவர்களுக்குக் கள்ளன் என்று அர்த்தம். ஆகவே வெளியில், உயரத்தில், கதவு போட்ட வீடு ஒன்று மிளகிக்குக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ஜெயம்மா அப்போதே, கட்டுகிற வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை.

நம் புறக்கடையில் நாலு எட்டு வைத்தால் ஏரித் தண்ணீர். முழங்கால் ஆழத்தில் நாலு மூங்கில் கழி நட்டு, மேலே பரண் போட்டு, அதன்மேல் வீடு வைத்தால் நாயும் வராது, கருவாட்டு வம்பும் இல்லை என்று கணக்குப் போட்டேன். கழி நட்டு, முகம் கழுவி, வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றில் கை வைப்பதற்குள் வாசலில் பாதி ஊர் நின்றது. ஊர்த்தலைவர் அங்கமுத்து முன்னால் நின்றார். நெல் விளைவிக்கிற குடியில் பிறந்த எனக்கு எப்படித் தெரியும் சம்பந்தி, இந்த ஏரியில் கழி நட்டால் அந்த இடத்தில் வலை கட்டும் உரிமை என்னுடையது என்று சாற்றுவதாக அர்த்தமாம். அதற்குப் பாடு என்று பேர். எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று சாமி முன்னால் சீட்டுப் போட்டு எடுக்கிற காரியமாம். கோட்டைச் சரக்கறையில் துணிமூட்டை எண்ணுகிற இவன் இன்றைக்கு நாலு கழி நட்டு, இருக்கிறதிலேயே நல்ல இறால் ஓடும் இடத்தைப் பிடித்துக்கொண்டான் என்று ஊரே கொதித்துவிட்டது. பூனைக்கு என்றேன். பூனைக்குப் பாடு கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார் அங்கமுத்து. கழிகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, தண்ணீரை விட்டு எங்கே வேண்டுமானாலும் நட்டுக்கொள், மணல்மேட்டில் நட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த மணல்மேடுதான் கோட்டைக்கு நேரெதிரே இருக்கிறது. அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று அங்கமுத்து சொன்னது ஊராரை மட்டும் மனதில் வைத்து.

மறுநாள் காலையில் நாலு ஆளைக் கூப்பிட்டு மேட்டின்மேல் கழி நட்டேன். மணல் சரிகிறது, கயிறு நழுவுகிறது, நான் கீழே நின்றுகொண்டு தொண்டை கிழிய, கட்டு, இழுத்துக் கட்டு, உயரக் கட்டு என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது கோட்டைச் சிப்பாய்கள் இரண்டு பேர் அந்த வழியாகப் போனவர்கள் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோட்டையைப் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சாப்பாட்டு மணி அடித்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கியோடு எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள்.

இங்கேதான் நீங்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும் சம்பந்தி. உலாந்தா பாஷையில் பூனைக்குக் 'கட்' என்று பேர். அது எனக்குத் தெரியும். ஆனால் கோட்டைகளில் எதிரியைச் சுடுவதற்குப் பீரங்கி ஏற்றிவைக்கும் உயர்ந்த மேடு இருக்கிறதே, அதற்கும் அவர்கள் பாஷையில் 'கட்' என்றுதான் பேர். அது எனக்குத் தெரியாது. நான் மணல்மேட்டில் நின்று கட்டு கட்டு என்று கத்தியது நம் காதுக்குத் தமிழ், அவர்கள் காதுக்குப் பீரங்கி.

கோட்டை அதிகாரி கப்பித்தான் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோட்டை வாசல் காவற்காரன் சந்தியாகு நன்றாக உலாந்தா பேசுவான், அவனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். கல்யாணப் பேச்சின்போது எனக்கு உலாந்தா பாஷை தண்ணீர் பட்ட பாடு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன், அந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டாமா. என்ன கட்டுகிறாய் என்று கப்பித்தான் கேட்டார். கட் என்றேன். எத்தனை என்றார். இன்றைக்கு ஒன்று, மாதம் முடிவதற்குள் நாலைந்து சேர்ந்துவிடும் என்றேன். அவர் முகம் சிவந்தது. சத்தம் போடுமா என்றார். ராத்திரி முழுவதும் போடும், ஊரே தூங்காது என்று உள்ளதைச் சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்போகிறாய் என்றார். காற்று வருவதற்காகக் கோட்டைப் பக்கம் பார்த்து என்றேன். யாருக்காக என்றார். என் மகளுக்காக என்றேன். கப்பித்தான் சிப்பாய்களுக்குக் கையைக் காட்டினார். என்னை ஓர் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் சந்தியாகு சன்னல் பக்கம் வந்து, தேவகிக்கு வலி எடுத்துவிட்டதாக ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றான். சம்பந்தி, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. தூக்கில் போடுவார்கள் என்று கதவுக்கு வெளியே சிப்பாய்கள் பேசிக்கொண்டார்கள், எனக்கு அது காதில் ஏறவே இல்லை. என் குழந்தை வலியில் நைனா என்று கூப்பிடும்போது வாசலில் நான் இல்லையே என்பது ஒன்றுதான் நினைவில் இருந்தது. நான் அழுதேன். சந்தியாகு பார்த்து, எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்டான். கட் கட்டினேன் என்று விக்கிக்கொண்டே சொன்னேன். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. பிறகு வாயை மேல்துண்டால் பொத்திக்கொண்டு ஊர் ஆளிடம் என்னமோ சொல்லி விரட்டினான்.

சந்தியாகு சொல்லியனுப்பிய செய்தி கேட்டு உச்சிவேளையில் ஜெயம்மா வந்தாள். தலையில் மூடி போட்ட மீன்கூடை. வாசலில் தடுத்தவர்களை அவள் கண்டுகொள்ளவே இல்லை. என்னையும் கப்பித்தான் முன்னால் கொண்டுவந்தார்கள், அவர் அப்போதுதான் வறுத்த மடவை மீனோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஜெயம்மா கூடையை அந்த மேசைமேலேயே இறக்கினாள்.

"இதுக்குத்தான்யா ஊடு கட்டினாரு. இன்னாத்துக்கு இவரைப் புடிச்சு வெச்சினு கீறீங்க? அங்க புள்ள வலியில துடிக்குது."

மூடியைத் திறந்தாள். மிளகி ஒரே பாய்ச்சலில் தட்டிலிருந்த மடவையைக் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. கப்பித்தான் நாற்காலி சாய எழுந்து, "கட்" என்று அலறினார். நான் கையைக் கட்டிக்கொண்டு, ஆமாம் ஐயா, கட் என்றேன்.

மேசைக்கு அடியில் முள் கடிபடும் சத்தம் கேட்டது. பிறகு கப்பித்தான் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் சிப்பாய்கள் சிரித்தார்கள், சந்தியாகு சுவரில் சாய்ந்துவிட்டான். நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். நம் வீட்டு வேலி தெரிகிற இடத்துக்கு வந்தேன், உங்கள் பேரனின் முதல் அழுகை கேட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு பெரிய பாரத்தை யாரோ தூக்கிக்கொண்டு போனமாதிரி இருந்தது. வேலம்மா வந்து ஆண்பிள்ளை, தாயும் பிள்ளையும் நல்லபடி என்று சொல்லும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

கப்பித்தான் நல்ல மனுஷர். இவனுக்கு ஒரு கட் கட்டிக்கொடு என்று கோட்டைத் தச்சனுக்குச் சிரித்துக்கொண்டே உத்தரவு போட்டிருக்கிறார். தச்சன் மேசைக்கு அடியில் நடந்ததைப் பார்த்தவன் இல்லை. அவனுக்கும் இரண்டு அர்த்தம், அவன் தன் தொழிலுக்கு ஏற்ற அர்த்தத்தை எடுத்துக்கொண்டான். உடைந்த கப்பலின் தேக்குப் பலகை, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், தண்ணீர் இறங்காதபடி கீல் பூசிய கூரை, பீரங்கி ஏற்றினாலும் தாங்குகிற தரை, கோட்டையைப் பார்த்துச் சுடுவதற்குச் சுவரில் ஒரு வட்டமான ஓட்டை. முடிந்தபிறகு கப்பித்தான் வந்து சுற்றிப் பார்த்தார். ஓட்டையை மட்டும் ஏரிப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது மிளகி அந்த ஓட்டையில் தலையை வைத்துக்கொண்டு தோணிகள் கரைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே நாலு குட்டி போட்டிருக்கிறது. நம் வீட்டு வாசற்படியை மறந்தும் மிதிப்பதில்லை. வேலம்மாவுக்கும் பரம திருப்தி.

ஆகையால் சம்பந்தி, வண்டி வேண்டாம். மூன்று மாதம் தாயும் பிள்ளையும் பிறந்தகத்தில் இருப்பதுதான் நம் வழக்கம், அதை என்னிடமிருந்து பறிக்காதீர்கள். தேவகி புருஷன் வீட்டுக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் நானும் ஜெயம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போதுதான் வீட்டில் ஒரு சத்தம் கேட்கிறது. பையன் என் சுண்டுவிரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறான். வீடு உறுதியாக இருக்கிறது, கூரை போன வருஷம்தான் வேய்ந்தது, உங்கள் வம்சத்துக்கு இங்கே ஒரு குறையும் வராது. பயமில்லாமல் இருங்கள்.

உங்கள் வயல் நிறையவும், களம் நிறையவும், மாப்பிள்ளை தீர்க்காயுசாக இருக்கவும், பேரன் நடந்து வந்து உங்கள் மீசையைப் பிடித்து இழுக்கவும் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரமும் ஜெயம்மாவின் நமஸ்காரமும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி
துளசிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துச் சடையன் கையில் கொடுக்கப்போனேன், மழை பிடித்துக்கொண்டது. விடட்டும் என்று அவன் உட்கார்ந்தான். மழை விடவில்லை, கூரைதான் விட்டது. பிரசவ அறையில் முதலில் சொட்டியது, பிறகு கொட்டியது. ஊரில் சொட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான். குளிப்பாட்ட வந்திருந்த வேலம்மா பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பூனை வீட்டுக்குள் போய்ப் படுக்கவைத்துவிட்டாள், பின்னாலேயே தேவகியும் போய்விட்டாள். தாயும் பிள்ளையும் அங்கே சுகமாகத் தூங்குகிறார்கள். மிளகி அவர்களைப் பார்த்துவிட்டு, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தது. நனையாமல் உயரத்தில் தொங்குவது உங்கள் தொட்டில் ஒன்றுதான், ஐந்து பேரும் அதில் இருக்கிறார்கள். நானும் ஜெயம்மாவும் சடையனும் ஒரு ஓலைப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அதன் அடியில்தான் இதை எழுதுகிறேன். ஆகவே வண்டி வேண்டாம் என்று மேலே எழுதிய இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். பெரிய வண்டியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். தாய், பிள்ளை, பூனை, குட்டிகள் எல்லாரும் வருகிறார்கள். பிள்ளை என் சுண்டுவிரலை விடமாட்டேன் என்பதால் நானும் வருகிறேன், ஜெயம்மாவும் வருகிறாள். மழைக்காலம் முடிகிறவரைக்கும்தான். உங்கள் வீட்டுக்குள் இடைஞ்சல் வேண்டாம், எங்கள் இருவருக்கும் வெளியில் தோட்டத்தில் ஒரு சின்னக் கொட்டகை போட்டால் போதும், நாலு கழி நட்டால் ஆகிவிடும். ஆனால் நான் வந்து சேர்வதற்குள் அதைக் கட்டி முடித்துவிடும்படி ஜெயம்மா எழுதச் சொல்கிறாள்.