தோளுக்குத் தொடையிலிருந்து ஒரு ஒட்டு

அன்புள்ள மச்சான் அகமது மீரானுக்கு, உம்ம தங்கச்சி மாப்பிள்ளை மீரா முகைதீன் ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து சலாம் சொல்லி எழுதுவது. வண்ணார்பேட்டையில எல்லாரும் சுகம், என் வலது தோள் மட்டும் அந்தக் கணக்குல சேராது. சவூதியில, தம்மாம்ல நீரும் உம்ம தொந்தியும் சுகந்தானா?

உம்ம தங்கச்சி எழுதிச் சிரிக்கதுக்கு முன்ன நானே சொல்லிருதேன். காலையில இங்க ஊசியைப் பாத்து மயங்கி விழுந்துட்டேன். ஊசி எனக்கில்ல வே, பக்கத்துக் கட்டில் ஆளுக்கு.

பஸ்ல கம்பியைப் பிடிச்சு நிக்கும்போது டிரைவர் போட்ட பிரேக்குல தோளுக்குள்ள ஏதோ அறுந்துட்டுன்னு எழுதியிருந்தேம்லா, இப்பம் கை எழுதுது, ஆனா மேல எந்திரிக்க மாட்டேங்குது, தொழுகையில தக்பீர் கட்டும்போது ஒரு கைதான் காதுக்குப் போகுது, பரோட்டா வீசுத கை வே அது, எந்திரிக்கலன்னா கடையில மேசை துடைக்கத்தான் லாயக்கு. அறுந்த நார் உள்ள சுருங்கிட்டாம், இழுத்துத் தைக்க எட்டலையாம், என் தொடையில இருக்க சவ்வை வெட்டி இடையில ஒட்டுப் போடணுமாம். கறிக்கடை தாஜ் முகம்மதுகிட்ட கேட்டேன். ஆட்டுத் தொடையில வெள்ளையா ஒண்ண உரிச்சுக் காட்டி, "இதாம்வே, நாய்க்கே மெல்ல வராது, அம்புட்டுக் கெட்டி, பயப்படாதீரும்"னான், கத்தியைத் தீட்டிக்கிட்டே.

டாக்டர்கிட்ட, "ஆபரேசனுக்குக் குடுக்க மயக்கம் தெளியும்லா?"ன்னேன்.

"தெளியும்."

"எல்லாருக்குமா?"

அவரு சிரிச்சாரே தவிர ஆமான்னு சொல்லல. அதுலேர்ந்து சோறு இறங்கல. ஆனாலும் நாளைக்குக் காலையில ஆபரேசன் உறுதி. நான் பின்வாங்குத ஆளில்ல.

எனக்காக துஆ செய்யும். எந்திரிக்காமப் போனா என் பச்சை லுங்கியை நீரே எடுத்துக்கிடும். எந்திரிச்சா கேக்கப்படாது. பிள்ளைகள் எல்லாம் உமக்கு சலாம் சொல்லுதாவ.

இப்படிக்கு,
மீரா முகைதீன்

பின்குறிப்பு: ஆபரேசன் நாளைக்கு இல்ல. தொடையில முடி மழிக்க வார்டு ஆள் எலியேசர் வந்தாரு. முட்டுக்கு மேல அடுத்தவனுக்குக் காட்டுத பழக்கம் நமக்கு இல்லல்லா, நானே மழிச்சுக்கிடுதேன்னு பிளேடை வாங்கிட்டுக் குளியலறைக்குப் போனேன். எந்தத் தொடைன்னு கேக்க மறந்ததால ரெண்டையும் மழிச்சேன். பிளேடு வழுக்கி ரெண்டுலயும் கிழிச்சிட்டு. காயம் ஆறுத வரைக்கும் கத்தி வைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பம் ரெண்டு தொடையிலயும் கட்டு இருக்கு. தோள்ல ஒண்ணும் இல்ல.