மழைக்கு வாய்ப்பில்லை

சீனித்தாய் என்ற விவசாயியின் ஒரு வருட மிளகாய் வற்றல் மழையில் நனைந்து வீணானது என்னால்தான். மழையை நான் வரவழைக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குச் செல்வாக்கு கிடையாது. மழை வராது என்று சொன்னேன். வரப்போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் சொன்னேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கீழே சில இடங்களில் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். யாருடைய வற்றலின்மேல் நின்று சிரிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் நாசரேத். (எங்கள் ஊர்க்காரரை ஓய்வு பெற்றபின் இரண்டு நாள் சும்மா விட்டால், மூன்றாவது நாள் பால்காரரை நிறுத்தி வைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.) என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதை எங்கயாவது வெளிய போய்ச் சொல்லிக் குடுங்களேன், புண்ணியமாப் போவும்" என்றாள். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை, கிராமத்து விவசாயிகளுக்குக் கணினி சொல்லித்தர ஆள் தேடியது. போனேன். அது நடந்து பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். எல்லார் கையிலும் டச் போன் வராத காலம்.

வேம்பாருக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமம். பழைய ரேஷன் கிடங்கில் வகுப்பு. மூன்று கணினிகள், ஒரு யூ.பி.எஸ். மின்சாரம் போனால் அந்த யூ.பி.எஸ். தாயைப் பிரிந்த ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். முதல் இரண்டு வாரம் அதைப் பள்ளிக்கூட மணி என்று நினைத்து எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். இன்டர்நெட்டுக்கு ஒரு டாங்கிள். அறைக்குள் அதற்கு சிக்னல் கிடைக்காது. நீளமான வயரில் கோத்து, பாலிதீன் பையில் கட்டி, வெளியே வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தேன். கருப்பசாமி அண்ணாச்சி, வகுப்பிலேயே வயதில் மூத்தவர், தினமும் அதை அண்ணாந்து பார்த்து, "சார், குஞ்சு பொரிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அது பொரிக்கவே இல்லை. ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தூத்துக்குடியில் என் வீட்டில் இரவே வானிலைப் பக்கம், சந்தை விலைப் பக்கம் எல்லாவற்றையும் பென் டிரைவில் சேமித்துக்கொண்டு வந்து, மறுநாள் வகுப்பில் திறந்து காட்டுவேன். "இதோ, இந்த நிமிசம் உலகத்துல நடக்கிறது" என்பேன். முதல் நாள் அப்படிச் சொன்னபோது கொஞ்சம் கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை.

பதினாறு பேர் வந்தார்கள். உண்மையில் கற்றுக்கொண்டவர் ஒருவர்தான், சீனித்தாய். நாற்பது வயதுக்கு மேல். எட்டாவது வரை படிப்பு. கணவர் தங்கப்பாண்டியும் அவரும் மூன்று ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தார்கள். வருடா வருடம் ஒரே வியாபாரி களத்துக்கு வந்து, ஒரு கை வற்றலை அள்ளி, முகத்தைச் சுளித்து, ஒரு விலை சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை. சீனித்தாய் வகுப்புக்கு வந்ததே அந்த முகச்சுளிப்புக்குப் பதில் சொல்லத்தான்.

"இந்த வருசம் நானே விலை பார்த்து, நானே வண்டி பிடிச்சு, விருதுநகர் கொண்டுபோய் விப்பேன் சார். அவரு மூஞ்சியைக் கோணுனா, அங்கன விலை இன்னது அண்ணாச்சின்னு சொல்லணும்."

நன்றாகக் காய்ந்த வற்றலுக்கு அங்கே கூடுதல் விலை என்று படித்துவிட்டு, ஊரில் மற்றவர்கள் அள்ளும் பக்குவம் வந்த பிறகும் அள்ளாமல், இன்னும் நான்கு நாள் களத்திலேயே விட்டு வைத்திருந்தார். அந்த நான்காவது நாள்தான் சென்னையிலிருந்து அறக்கட்டளைக்காரர்கள் வகுப்பைப் பார்க்க வந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் முழுக்க நான் பேனர் அடிக்கக் கொடுத்தேன், லட்டுக்குச் சொன்னேன், நன்றியுரை எழுதினேன். வானிலைப் பக்கத்தைச் சேமிக்க மறந்துவிட்டேன். பென் டிரைவில் பத்து நாள் பழைய பக்கம்தான் இருந்தது. வானிலை என்ன பாலா, பத்து நாளில் திரிந்துபோவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். (இயற்பியல் வாத்தியார்!)

மூன்று விருந்தினர்கள். அவர்களில் ஒரு அம்மையார் கேமராவை இறக்கவே இல்லை. சீனித்தாயை முன்னால் கூப்பிட்டேன். அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மௌஸைப் பிடித்து, வானிலைப் பக்கத்தைத் திறந்து, கணீரென்று வாசித்தார்: "வானம் தெளிவாகக் காணப்படும். மழைக்கு வாய்ப்பில்லை." கைதட்டல். அப்போதுதான் பக்கத்தின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் தேதி இருப்பதைப் பார்த்தேன். அம்மையாரின் கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. நான் ஏதோ மாட்டைத் தட்டிக்கொடுப்பவன் போல, மானிட்டரின் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். படம் எடுத்தார்கள்.

லட்டு கொடுக்கும்போது வெளிச்சம் குறைந்தது. வாசலில் நின்ற கருப்பசாமி அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏலே, கடலு பக்கம் கறுத்துட்டு வருது. களத்துல கெடக்கிறத அள்ளுங்கலே."

லட்டோடு ஒவ்வொருவராக நழுவினார்கள். ஐந்து நிமிடத்தில் பதினாறில் பதினைந்து பேர் இல்லை. பிரிண்டர் எது, ஸ்கேனர் எது என்று கடைசி வரை தெரியாத அத்தனை பேரும் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். நன்றாகப் படித்த ஒருவர் மட்டும் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சார், மழை இல்லன்னுதான போட்டிருக்கு?"

மூன்று விருந்தினர்களும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வானம் ஸ்லேட்டுப் பலகை மாதிரி இருந்தது. "பழைய பக்கம்மா, ஓடுங்க" என்று சொன்னால் போதும். நான்கு சொல் கூட இல்லை. முப்பது வருடம் மணிக்கணக்கில் பேசியவனுக்கு அது வரவில்லை.

"பயப்படாதீங்கம்மா. மேகம் கலைஞ்சிரும். உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். நான் நன்றியுரையை ஆரம்பித்தேன். "இனி நம் விவசாயி வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை" என்ற வரிக்கு வந்தபோது கிடங்கின் தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. அடுத்த வரி எனக்கே கேட்கவில்லை. சீனித்தாய் ஓடினார். அவருடைய செருப்பு வகுப்பு வாசலிலேயே கிடந்தது.

நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். விருந்தினர் காரில் ஏறினேன். அவர்கள் தூத்துக்குடி வழியாகப் போகிறவர்கள். எனக்கு பஸ் காசு மிச்சம். ஊர்க் களத்தைக் கடந்துதான் கார் போனது. தங்கப்பாண்டியும் சீனித்தாயும் குனிந்து இரண்டு கையாலும் வற்றலை வாரிக்கொண்டிருந்தார்கள். களத்திலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. கண்ணாடியை இறக்கிய அம்மையார், "என்ன மண்வாசனை!" என்றார். நான் "ஆமாம் மேடம்" என்றேன்.

நனைந்த வற்றல் வெளுத்துப்போகும். சோடை என்பார்கள். அதே வியாபாரி வந்தார். இந்த முறை முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை, சிரித்தார். விலையை அவர்தான் சொன்னார்.

அடுத்த வகுப்புக்கு சீனித்தாய் வந்தார் என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது.

"கம்ப்யூட்டரு எப்படி சார் பொய் சொல்லும்?"

அப்போதும் நான் சொல்லவில்லை. கரும்பலகையில் நிகழ்தகவு நடத்தினேன். நாணயத்தைச் சுண்டிக் காட்டினேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ, "ஏளா சீனி, இப்ப பகலா ராத்திரியான்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து அறக்கட்டளையின் ஆண்டு மலர் தபாலில் வந்தது. அட்டையில் சீனித்தாய் திரையைப் பார்த்து வாசிக்கிறார். மூலையில் என் கை. என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அதென்ன, கைய அங்கன வச்சு எதை மறைக்கிய?"

முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். ஒளிக்க முடியுமா? சொன்னேன். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நாளைக்குப் போய் அங்கயும் இதைச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். வகுப்பில் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து, தேதியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பசாமி அண்ணாச்சிதான் முதலில் கேட்டார்.

"அப்ப, மொதல்லேருந்து காட்டுனதெல்லாம் பழசா சார்?"

"எல்லாம் இல்ல அண்ணாச்சி. பாதி..."

"எந்தப் பாதி?"

எனக்குத் தெரியவில்லை.

சீனித்தாய் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். தேதியை விரலால் தொட்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். "இதை மட்டும் நீங்க சொல்லித் தரவே இல்லியே சார்" என்றார். போய்விட்டார். அடுத்த வாரம் வகுப்புக்கு யாருமே வரவில்லை. பொய் சொன்ன வரைக்கும் பதினாறு பேரோடு ஓடிய வகுப்பு, உண்மை சொன்ன வாரத்தில் மூடியது.

பரிகாரமாக, இருப்பதிலேயே பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நஷ்டத்தை நான் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்தார்; பணத்தைப் பற்றிய பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. தார்ப்பாயைப் பார்த்து, "அந்தக் கெட்டிடம் ஒழுகுதுல்லா சார்? கம்ப்யூட்டரை மூடுங்க" என்றார். மூடினேன். நான் அந்த ஊருக்குச் செய்து முடித்த கடைசி வேலை அதுதான்.

பிறகு காலம் மாறியது. இப்போது அந்தப் பக்கத்து மிளகாய் விவசாயிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இருநூறு பேர். நடத்துவது சீனித்தாய். தினமும் சாயங்காலம் அவருடைய குரலில் ஒரு செய்தி வரும். முதலில் தேதி, பிறகு வானிலை, பிறகு விருதுநகர் விலை. போன வருடம் கேள்விப்பட்டு, என்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். சேர்த்துவிட்டார். இனியாவது உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் யாரோ எனக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பினார்கள். படித்த கையோடு அதைக் குழுவுக்குத் தட்டிவிட்டேன். "உடனே வற்றலை அள்ளுங்கள்" என்று கீழே எழுதினேன். நாற்பது களத்தில் அள்ளினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அது இரண்டு வருடத்துக்கு முந்தைய புயல்.

சீனித்தாயிடமிருந்து ஒரே வரி வந்தது: "தேதி பாத்தியளா சார்?"

அதற்குக் கீழே சின்னதாக ஒரு அறிவிப்பு. இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். என் ஒருவனால் இருநூறு பேருக்கும் வாய் அடைத்தது.

என்னை நீக்கவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் கேட்டேன். இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும், ரசத்தில் உப்பு இல்லை என்றால்கூட, "இது இன்னைக்குள்ளதா, பத்து நாள் பழசா?" என்று கேட்பவள் அவள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தக் கேள்வி போய்விட்டது. ஆனால் அன்று அவள் அப்படிக் கேட்கவில்லை.

"கடைசி பெஞ்சுல உக்கார வச்சிருக்கா. பேசாம உக்காந்து கேளுங்க" என்றாள்.

தினமும் சாயங்காலம் கேட்கிறேன்.