மூச்சு மகானும் பிளாஸ்டிக்கின் நோயும்

அந்த ஆய்வுக்கூடத்தின் வாசலில் காலையிலிருந்தே கூட்டம். ஆய்வுக்கு வந்த கூட்டம் அல்ல, ஆசி வாங்க வந்த கூட்டம். உள்ளே மூச்சு மகான் எழுந்தருளியிருந்தார். எந்த நோயையும் ஊதியே விரட்டுகிறவர்.

அவருக்கு அறிவியல் சான்று கொடுத்ததே இந்தக் கூடம்தான். பொருளைச் சூடேற்றி, எந்த வெப்பத்தில் அது என்ன ஆகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கருவி இங்கே உண்டு. போன வாரம் அதில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்தார்கள். கோட்டில் ஒரு மேடு எழுந்தது. அதுதான் நோய் என்றார் மகான். ஆறியதும் துண்டின் மேல் ஊதினார். மறுபடி சூடேற்றினார்கள். மேட்டைக் காணோம். பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் வாலாக நீட்டி வைத்திருக்கும் இயக்குநர் பொத்தென்று காலில் விழுந்தார். வால் ஒன்றும் தடுக்கவில்லை.

அந்தக் கோட்டுப் படத்தை ஊரெல்லாம் ஒட்டினார்கள். அதைப் பார்த்தவர்களில் ஒருத்தி, கருவியை இயக்கும் ஆய்வாளரின் அக்கா. வயிற்றில் கட்டி. அந்தச் சோதனை நடந்த அன்றுதான் தங்கை விடுப்பெடுத்து அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், அறுவைக்கு நாள் குறித்து வந்திருந்தாள். இப்போது அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

"உங்க மெஷினே சொல்லுதேடி. பிளாஸ்டிக்கோட நோயே போகுது, என் கட்டி போகாதா?"

தங்கை அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதே பிளாஸ்டிக்கில் புதுத் துண்டு வெட்டிக் கருவியில் வைத்தாள். மகான் இந்த முறை ஊத வேண்டாம், உட்கார்ந்து தேநீர் குடித்தால் போதும் என்றாள். மகான் குடித்தார். ஓசித் தேநீர் கசக்குமா?

முதல் சூட்டில் மேடு எழுந்தது. ஆறவிட்டு மறுபடி சூடேற்றினாள். மேடு இல்லை.

வார்த்தவுடன் சட்டென்று குளிர்ந்த பிளாஸ்டிக் உள்ளே தாறுமாறாக இருக்கும், சூடு ஏறும்போது ஒழுங்காகும், அதுதான் மேடு என்று விளக்கினாள். ஒரு தடவை உருகி மெல்ல ஆறிவிட்டால் பிறகு மேட்டுக்கு வேலை இல்லை. இயக்குநருக்கும் இது தெரியும். அன்றைக்கு அதைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்திருந்தார்.

மகான் லேசுப்பட்டவரா? போன வாரம் ஊதிய மூச்சு இன்னும் கருவிக்குள் சுற்றுவதாகச் சொன்னார்.

"அப்போ முதல் தடவையே மேடு வந்திருக்கக் கூடாதே. இதோ இன்னொரு புதுத் துண்டு. சூடேத்துறதுக்கு முன்னாடியே ஊதுங்க."

மகான் கன்னம் வீங்க ஊதினார். மேடு ஜம்மென்று எழுந்து நின்றது. அவருக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. பின்வாசல் வழியாகப் போனார்.

அக்கா வயிற்றில் கை வைத்தபடி நின்றாள்.

"கத்திக்குப் பயந்துதான்டி இவனை நம்பினேன்."

"எனக்கும் பயம்தான்க்கா. நான் கூடவே இருக்கேன்."

குறித்த நாளில் அறுவை நடந்தது. கட்டி போயிற்று, ஊதாமலேயே.

கூட்டமும் கலைந்தது. ஆனால் அதில் பாதிப் பேர், தண்ணீரை முறைத்தே மருந்தாக்கும் புது மகான் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். பிளாஸ்டிக் திருந்த ஒரு சூடு போதும் ஐயா. நமக்கு எத்தனை வேண்டும்?